இணையக் கொடுப்பனவுச் சேவைகளில் கணக்குச் சரிபார்ப்பும் செலவு வரம்பும்

இணையக் கொடுப்பனவுச் சேவைகளில் கணக்குச் சரிபார்ப்பு என்பது, மின் பணப்பை, கைப்பேசிக் கொடுப்பனவுச் செயலி முதலிய சேவைகளைப் பயன்படுத்துபவர் யார் என்பதை அச்சேவையை வழங்கும் நிறுவனம் ஆவணங்களின் துணையுடன் உறுதிசெய்துகொள்ளும் செயன்முறை ஆகும். செலவு வரம்பு என்பது, ஒரு கணக்கில் இடக்கூடிய, இருப்பாக வைத்திருக்கக்கூடிய, அல்லது அதிலிருந்து செலவிடக்கூடிய தொகையின் உச்ச அளவாகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. கணக்கு வைத்திருப்பவரைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு குறைவான தொகையே அக்கணக்கில் அனுமதிக்கப்படுகிறது. இந்தியாவில் இவ்வரம்புகளை இந்திய ரிசர்வ் வங்கியும், இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகமும் வகுக்கின்றன. வாடிக்கையாளர் சரிபார்ப்பு, பேச்சு வழக்கில் 'கே.ஒய்.சி.' எனப்படுகிறது.

நோக்கம்

கணக்குச் சரிபார்ப்புக்கும் வரம்புகளுக்கும் மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

1. பணச் சலவையையும் சட்டத்துக்குப் புறம்பான நிதிப் பரிமாற்றத்தையும் தடுத்தல். இந்தியாவில் பணச் சலவைத் தடுப்புச் சட்டம் 2002 இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.
2. கணக்கு திருடப்பட்டால் ஏற்படும் இழப்பைக் குறைத்தல். 10,000 ரூபாய்க்கு மேல் இருக்க முடியாத பணப்பையிலிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் திருட முடியாது.
3. வழக்கு எழும்போது பணம் எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்று கண்டறிதல்.

வரலாறு

தொடக்கம்

இணையவழிக் கொடுப்பனவில் கணக்குச் சரிபார்ப்பைப் பரவலாக்கிய தொடக்ககால நிறுவனங்களுள் 1998 இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனத்திலிருந்து உருவான பேபால் குறிப்பிடத்தக்கது. பயனரின் வங்கிக் கணக்கில் இரு மிகச் சிறிய தொகைகளை வரவு வைத்து, அத்தொகைகள் எவ்வளவு எனக் கேட்பது அது கையாண்ட முறையாகும். சரியான விடையைக் கூறுபவர் அவ்வங்கிக் கணக்கைப் பார்க்கக்கூடியவர் என்பது இதனால் உறுதியாகிறது. சரிபார்க்கப்படாத கணக்கிற்குக் குறைந்த வரம்பும், சரிபார்க்கப்பட்ட கணக்கிற்கு உயர்ந்த வரம்பும் என்னும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில்

இந்திய வங்கிகளுக்கான விரிவான வாடிக்கையாளர் சரிபார்ப்பு வழிகாட்டுதல்களை ரிசர்வ் வங்கி 2004 நவம்பர் 29 அன்று வெளியிட்டது. ஆவணம் இல்லாத ஏழைகள் இதனால் வங்கிச் சேவையை இழக்கக்கூடும் என்பது விரைவில் உணரப்பட்டது. எனவே 2005 ஆகஸ்டில் விதி தளர்த்தப்பட்டது. இருப்பு 50,000 ரூபாய்க்கும், ஆண்டு வரவு 1 லட்சம் ரூபாய்க்கும் மிகாத கணக்குகளை, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகத்தைக் கொண்டு தொடங்க இத்தளர்வு வழிசெய்தது.

2010 டிசம்பரில் 'சிறு கணக்கு' என்னும் வகை விதிகளில் சேர்க்கப்பட்டது. ஒளிப்படமும், வங்கி அலுவலர் முன்னிலையில் இட்ட கையொப்பமோ கைவிரல் பதிவோ இருந்தால் இக்கணக்கைத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாய், ஆண்டு வரவு 1 லட்சம் ரூபாய், மாதச் செலவு 10,000 ரூபாய் என்பன இதன் வரம்புகள். ஆவணத்திற்கு ஈடாக வரம்பை ஏற்றுக்கொள்வது என்னும் இக்கருத்தே பின்னர் மின் பணப்பைகளிலும் காணப்படுகிறது.

கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டு, 2008 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் முன்கட்டணக் கருவிகளுக்கான முதல் வழிகாட்டுதல்களை ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரல் 27 அன்று வெளியிட்டது. மின் பணப்பை, பரிசு அட்டை ஆகியன முன்கட்டணக் கருவிகளுள் அடங்கும்.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது மின் பணப்பைகளின் பயன்பாடு திடீரெனப் பெருகியது. அம்மாதம் 22 ஆம் நாள், குறைந்தபட்ச விவரங்களுடன் தொடங்கிய பணப்பைகளின் வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாகத் தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. 2017 அக்டோபர் 11 அன்று வெளியான முதன்மை வழிகாட்டுதல் வரம்பை மீண்டும் 10,000 ரூபாயாக்கியதுடன், பழைய பணப்பைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முழுச் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் எனவும் கூறியது. இக்காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது.

கணக்கு வகைகளும் வரம்புகளும்

2021 ஆகஸ்ட் 27 அன்று வெளியான முதன்மை வழிகாட்டுதல், முன்கட்டணக் கருவிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தியது.

சிறு பணப்பை (ரொக்கம் இடும் வசதியுடன்): கைப்பேசி எண்ணை ஒருமுறைக் கடவுச்சொல்லால் உறுதிசெய்து, பெயரையும் ஓர் அடையாள ஆவணத்தின் எண்ணையும் தெரிவித்துத் தொடங்கலாம். மாதத்துக்கு 10,000 ரூபாய், நிதியாண்டுக்கு 1,20,000 ரூபாய் வரை இடலாம். எந்நேரமும் இருப்பு 10,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. 24 மாதங்களுக்குள் முழுச் சரிபார்ப்புச் செய்யாவிட்டால் மேற்கொண்டு பணம் இட முடியாது. எனினும் எஞ்சிய இருப்பைச் செலவிடலாம்.

சிறு பணப்பை (ரொக்கம் இடும் வசதியின்றி): தொகை வரம்புகள் மேற்கூறியவையே. வங்கிக் கணக்கு, கடன் அட்டை, அல்லது முழுச் சரிபார்ப்புச் செய்த மற்றொரு பணப்பை வழியாக மட்டுமே பணம் இடலாம். 24 மாதக் கெடு இதற்கு இல்லை.

முழுச் சரிபார்ப்புப் பணப்பை: இருப்பு 2 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். (2021 மே மாதத்துக்கு முன் இது 1 லட்சமாக இருந்தது.) முன்பே பதிவு செய்யப்பட்ட பெறுநர் ஒருவருக்கு மாதம் 2 லட்சம் ரூபாய் வரையிலும், பதிவு செய்யப்படாதோருக்கு மாதம் 10,000 ரூபாய் வரையிலும் அனுப்பலாம். வங்கியல்லாத நிறுவனத்தின் பணப்பையிலிருந்து ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மாதத்துக்கு 10,000 ரூபாய் என்ற அளவில் ரொக்கமும் எடுக்கலாம்.

இரு வகைச் சிறு பணப்பைகளையும் பொருள்களும் சேவைகளும் வாங்க மட்டுமே பயன்படுத்தலாம். மற்றொருவருக்குப் பணம் அனுப்பவோ, ரொக்கமாக எடுக்கவோ முடியாது. பலர் தம் பணப்பை 'முடங்கிவிட்டது' என்று எண்ணுவதற்கு இதுவே காரணமாகும். கணக்கு முடங்குவதில்லை. அவ்வகைக் கணக்கிற்கு அவ்வசதி தொடக்கத்திலிருந்தே இல்லை. இத்தகையோர் கணக்கை மூடி, எஞ்சிய பணத்தை அது வந்த மூலக் கணக்கிற்கே திருப்பிக்கொள்ளலாம்.

வரம்புகளைக் கணக்கிடும் முறை

ஒரு பணப்பைக்கு மாத வரம்பு, ஆண்டு வரம்பு, இருப்பு வரம்பு ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தும். இவற்றுள் எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே பயனரைத் தடுக்கும்.

எடுத்துக்காட்டாக, சிறு பணப்பை வைத்திருக்கும் ஒருவரிடம் சென்ற மாத இருப்பாக 7,000 ரூபாய் உள்ளது எனக் கொள்வோம். இம்மாதம் அவர் எதுவும் இடவில்லை. மாத வரம்புப்படி அவர் 10,000 ரூபாய் இடலாம். ஆனால் இருப்பு வரம்பு 10,000 ரூபாய் ஆதலால் 3,000 ரூபாய் மட்டுமே இட முடியும். இருக்கும் 7,000 ரூபாயைச் செலவிட்ட பின்னர் மேலும் 7,000 ரூபாய் இடலாம். அத்துடன் மாத வரம்பு முடிவடையும். அதன் பின்னர் இருப்பு சுழியமாக இருப்பினும் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

2017 ஆம் ஆண்டு விதியில் ஆண்டு வரம்பு 1 லட்சம் ரூபாயாக இருந்தது. ஏப்ரல் முதல் மாதந்தோறும் 10,000 ரூபாய் இட்டவருக்கு ஜனவரி மாதத்துடன் அது தீர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பணம் இட இயலாது. பின்னர் வந்த 1,20,000 ரூபாய் என்னும் ஆண்டு வரம்பு மாத வரம்பின் சரியாகப் பன்னிரு மடங்காகும். ஆதலால் இச்சிக்கல் நீங்கியது.

சரிபார்க்கும் முறை

முழுச் சரிபார்ப்புக்கு ஏற்கப்படும் ஆவணங்கள் ஆறு: கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அடையாள அட்டை, ஆதார், நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இவற்றுடன் நிரந்தரக் கணக்கு எண் (பான்), அல்லது அது இல்லாதவர் படிவம் 60 தர வேண்டும். தமிழகக் குடும்பங்களில் பெரிதும் போற்றிப் பாதுகாக்கப்படும் குடும்ப அட்டை (ரேசன் அட்டை) இப்பட்டியலில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

சரிபார்ப்பை நேரில் சென்றோ, நிகழ்படம் வழியாகவோ செய்துகொள்ளலாம். நிகழ்பட முறைக்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 9 அன்று இசைவளித்தது. இதில் நிறுவனத்தின் அலுவலர் பயனரை நேரலையில் கண்டு, கேள்வி கேட்டு, ஆவணத்தோடு ஒப்பிடுகிறார்.

ஆதாரைத் தனியார் நிறுவனங்கள் கேட்டுப் பெறுவதற்கு இடமளித்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று அளித்த தீர்ப்பில் செல்லாது என்றது. 2019 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், பயனர் தாமாக முன்வந்து ஆதாரை அளிப்பதற்கு வழிவகுத்தது.

ஒருங்கிணைந்த கொடுப்பனவு இடைமுகம்

ஒருங்கிணைந்த கொடுப்பனவு இடைமுகம் (யூ.பி.ஐ.) 2016 ஏப்ரல் 11 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. இது பணப்பையிலிருந்து வேறுபட்டது. இதில் பணம் செயலியில் தங்குவதில்லை; நேரடியாக வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. சரிபார்ப்பை வங்கி முன்பே செய்திருப்பதால் வரம்பும் உயர்ந்ததாக உள்ளது.

* ஒருவர் மற்றொருவருக்கு அனுப்புவதற்கான பொது வரம்பு 1 லட்சம் ரூபாய். வங்கிகள் இதைவிடக் குறைந்த வரம்பை விதிக்கலாம்.
* மருத்துவமனை, கல்வி நிறுவனம் ஆகியவற்றுக்கான வரம்பை 5 லட்சம் ரூபாயாக உயர்த்துவது 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வரி செலுத்துதலுக்கும் 2024 செப்டம்பரில் இவ்வரம்பு வந்தது.
* புதிதாகப் பதிவு செய்பவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய் வரையே அனுப்பலாம். கைப்பேசியை மாற்றும்போதும் பல வங்கிகள் இத்தகைய கட்டுப்பாட்டை விதிக்கின்றன.
* கடவு எண் இல்லாமல் சிறு தொகை செலுத்தும் 'லைட்' வசதிக்கு 2022 இல் ஒரு தடவைக்கு 200 ரூபாய், இருப்பு 2,000 ரூபாய் என வரம்பு இருந்தது. 2024 இல் இது முறையே 1,000, 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.
* இணைய வசதியற்ற சாதாரணக் கைப்பேசிகளுக்கான '123 பே' 2022 மார்ச் 8 அன்று தொடங்கப்பட்டது. இதன் வரம்பு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

பயனர் தாமே விதிக்கும் வரம்பு

எல்லா வரம்புகளும் மேலிருந்து விதிக்கப்படுவன அல்ல. 2020 ஜனவரி 15 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, பற்று அட்டை, கடன் அட்டை வைத்திருப்போர் தம் அட்டையின் இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைத் தாமே திறக்கவும் அடைக்கவும், செலவு வரம்பை மாற்றவும் வசதி செய்ய வேண்டும் எனப் பணித்தது. இவ்வசதி அவ்வாண்டு அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் பொருள் வாங்காதவர் அப்பயன்பாட்டை அடைத்து வைப்பதும், வாங்குபவர் தம் மாதச் செலவுக்கு ஏற்ற வரம்பை வைப்பதும் செலவில்லாத பாதுகாப்புகளாகும். தொடாமல் செலுத்தும் அட்டைகளில் கடவு எண் கேட்கப்படாத உச்ச அளவு 2021 ஜனவரி 1 முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

வெளிநாட்டுக் கொடுப்பனவுகள்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையவழி வேலை செய்து பணம் பெறுவோரை வரம்புகள் பெரிதும் பாதித்தன. ரிசர்வ் வங்கியின் 2010 நவம்பர் உத்தரவைத் தொடர்ந்து, 2011 மார்ச் 1 முதல் இந்தியாவில் பேபால் வழியாகப் பெறும் ஏற்றுமதிக் கொடுப்பனவு ஒன்றுக்கு 500 அமெரிக்க டாலர் வரம்பு வந்தது. பெற்ற பணத்தைக் கொண்டு இணையத்தில் பொருள் வாங்க இயலாது. அதனைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் வங்கிக் கணக்கிற்கு மாற்ற வேண்டும். இவ்வரம்பு 2011 அக்டோபரில் 3,000 டாலராகவும், 2013 ஜூனில் 10,000 டாலராகவும் உயர்த்தப்பட்டது.

உறவினர்கள் அனுப்பும் பணத்துக்கு வேறு வழிகள் உள்ளன. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் 'பேநவ்' முறையும் இந்தியாவின் யூ.பி.ஐ. முறையும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் இந்தியப் பயனருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய் (ஏறத்தாழ 1,000 சிங்கப்பூர் டாலர்) வரம்பாக வைக்கப்பட்டது. தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இதில் தொடக்கத்திலேயே பங்குபெற்றன.

தரங்கம்பாடியும் காவிரிப் படுகையும்

தரங்கம்பாடி, காவிரிப் படுகையின் கடற்கரையில் அமைந்துள்ள மீனவ ஊரும் சுற்றுலாத் தலமும் ஆகும். 1620 முதல் 1845 வரை டேனியரின் வணிகத் தளமாக விளங்கிய இவ்வூர், 2020 டிசம்பர் 28 அன்று செயற்படத் தொடங்கிய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அதற்கு முன்னர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது.

ஆவணம் என்பது ஏழைகளுக்கு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இக்கடற்கரை சான்றாகும். வங்கிகளுக்கான விரிவான சரிபார்ப்பு விதிகள் வெளியான 27 ஆம் நாள், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளோடு அவற்றிலிருந்த தாள்களும் போயின. அடையாளத்தை நிறுவும் சான்று ஒரு தாளாக மட்டும் இருக்கும்போது, அத்தாளை இழந்தவர் தம் பணத்தை அடைவதற்கும் தடை ஏற்படுகிறது. ஆவணமற்றோருக்கான தளர்ந்த விதிகளின் தேவையை இது விளக்குகிறது.

படுகையின் தொழில்களில் பணம் சீராக வருவதில்லை என்பதும் கருதத்தக்கது. குறுவை, சம்பா அறுவடையின்போது உழவருக்கும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்தவுடன் மீனவருக்கும் சில வாரங்களில் பெருந்தொகை கைமாறும். பிற மாதங்களில் சிறு தொகைகளே புழங்கும். மாதத்துக்கு 10,000 ரூபாய் என்னும் வரம்பு மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் அளவுக்கு இவர்களுக்குப் பொருந்துவதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் விற்றவருக்குரிய பணம் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. அதிலிருந்து அறுவடை இயந்திர வாடகையைக் கைப்பேசி வழியாகச் செலுத்த எண்ணுபவர், அறுவடை வாரத்தில் கைப்பேசியையோ சிம் அட்டையையோ மாற்றாதிருப்பது நலம். மாற்றினால் முதல் நாளில் குறைந்த வரம்பே கிடைக்கக்கூடும்.

வங்கிக் கிளைக்குச் செல்ல இயலாதவர்களுக்கு 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட இந்திய அஞ்சல் கொடுப்பனவு வங்கி உதவுகிறது. அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல் பதிவைக் கொண்டு சரிபார்க்கிறார். கொடுப்பனவு வங்கிகளில் நாள் இறுதி இருப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மிகக்கூடாது என்றிருந்தது, 2021 ஏப்ரலில் 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆதார்வழிப் பணம் எடுத்தலுக்கு ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரம்பு உள்ளது.

சரிபார்ப்பின் பெயரால் நிகழும் மோசடிகள்

சரிபார்ப்பு விதிகளே மோசடிக்காரர்களின் கருவியாகவும் ஆயின. "உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இன்றிரவு கணக்கு முடக்கப்படும்" என்னும் குறுஞ்செய்தி இவற்றில் பொதுவானது. அதிலுள்ள எண்ணை அழைப்பவரிடம் ஒரு செயலியை நிறுவுமாறு கூறுவர். அச்செயலி கைப்பேசித் திரையை மறுமுனையில் இருப்பவருக்குக் காட்டும். பின்னர் 'சோதனைக்காக' 1 ரூபாய் அனுப்பச் சொல்வர். அப்போது உள்ளிடப்படும் கடவு எண் அவர்கள் கைக்குச் செல்கிறது. இவ்வகை மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் பொதுமக்களை எச்சரித்தது.

பின்வருவன நினைவிற்கொள்ளத்தக்கவை.

* பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையில்லை. கடவு எண் கேட்கப்பட்டால் பணம் வெளியே செல்கிறது என்பதே பொருள்.
* ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி அலுவலர் எவரும் கேட்பதில்லை.
* சரிபார்ப்பைச் செயலிக்குள்ளோ, கிளையிலோ, முகவரிடமோ மட்டுமே செய்ய வேண்டும். செய்தியில் வரும் இணைப்பின் வழியாகச் செய்யக் கூடாது.
* மோசடி நிகழ்ந்தால் உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, சேவை நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

பொறுப்பும் குறைதீர்ப்பும்

அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுக்கும் விதிகளை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வங்கிகளுக்கும், 2019 ஜனவரி 4 அன்று வங்கியல்லாத பணப்பை நிறுவனங்களுக்கும் வெளியிட்டது. அவற்றின்படி, தவறு நிறுவனத்துடையதாயின் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. தவறு இருவருடையதும் அல்லாதபோது மூன்று நாட்களுக்குள் தெரிவித்தவருக்கும் இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், பணப்பையைப் பொறுத்தவரை இழந்த தொகை அல்லது 10,000 ரூபாய் இவற்றுள் குறைந்ததே வாடிக்கையாளர் ஏற்கும் உச்ச அளவு. கடவு எண்ணைத் தாமே பிறருக்குக் கூறியவர், தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதையும் ஏற்க வேண்டும். தெரிவித்த பின்னர் நிகழும் இழப்பு நிறுவனத்தைச் சாரும். எனவே ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பணத்தின் மதிப்புடையது.

நிறுவனம் 30 நாட்களுக்குள் விடையளிக்காவிட்டாலோ, விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வங்கிகள், பணப்பை நிறுவனங்கள் ஆகியவற்றுக்கான ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்டது.

வங்கியல்லாத நிறுவனத்தின் பணப்பையிலுள்ள பணம் வங்கி வைப்புத்தொகை அன்று. அதற்கு வட்டியோ, வைப்புத்தொகைக் காப்பீடோ இல்லை. நிறுவனம் அதனை ஒரு வங்கியில் தனிக் காப்புக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

விமர்சனங்கள்

சரிபார்ப்பு விதிகள் அடிக்கடி மாறுவது பயனர்களைக் குழப்புகிறது என்பதும், ஒரே ஆவணங்களை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே தர வேண்டியுள்ளது என்பதும் கூறப்படும் குறைகளாகும். மையச் சரிபார்ப்புப் பதிவேடு இக்குறையைப் போக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபாடும் தமிழர்களுக்குரிய ஒரு சிக்கலாகும். தமிழில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாக இடுவது மரபு. ஓர் ஆவணத்தில் முதலெழுத்தும், மற்றொன்றில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால் கணினி இரண்டையும் வெவ்வேறு ஆட்களாகக் கொள்ளக்கூடும். எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே வடிவில் அமைத்துக்கொள்வது இதற்குரிய எளிய தீர்வாகும்.

குறைந்த வரம்பு ஏழைகளைக் கட்டுப்படுத்துகிறது என்போரும், அதுவே அவர்களைப் பேரிழப்பிலிருந்து காக்கிறது என்போரும் உளர். ஆவணமில்லாதவரை முற்றிலும் விலக்காமல், சிறு தொகையுடனாவது உள்ளே அனுமதிப்பதே படிநிலை வரம்புகளின் அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்க

* இந்திய ரிசர்வ் வங்கி
* மின் பணப்பை
* ஒருங்கிணைந்த கொடுப்பனவு இடைமுகம்
* ஆதார்
* தரங்கம்பாடி